நுஸ்லிக்குக் கொஞ்சம் சுகமில்லை

இதை எழுதுவதா விடுவதா என்று பத்து வருடத்துக்கு மேலாக இழுத்தடித்தேன். எழுத உட்காருவேன், பேனாவில் மை இல்லை என்பேன். மை இருந்தால் கண்ணாடியைக் காணவில்லை என்பேன். (கண்ணாடி மூக்கிலேயே இருக்கும்.) உண்மையான காரணம் வெட்கம். நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைக்கும்தான், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் சொல்லப்போவது அதைவிடப் பெரிய பிழை. ஒரு கிழட்டுக் குதிரைக்கும் ஏழு பிள்ளைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு செய்தது. முருகனிடம் எப்போதோ சொல்லிவிட்டேன். மனிதரிடம் முழுவதுமாகச் சொல்வது இதுதான் முதல் தடவை.

எனக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். எனக்குச் சுவிஸில், ஓல்டன் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. காலை வேலை, ஒன்றரை மணிக்கு முடிந்துவிடும். மகள் ஆரணி இங்கே பிறந்தவள். ஒன்பது வயதில் அவளுக்குக் குதிரை ஓட ஆசை வந்தது. மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் பரதநாட்டியம், மிருதங்கம் என்று கேட்க, என் பிள்ளை குதிரை கேட்டாள். ரயிலில் இரண்டு தரிப்புத் தள்ளி ஒரு கிராமத்தில் சிறுவர்களுக்கான போனிக் கழகம் ஒன்று இருந்தது. பெரிய இடம் என்று நினைக்க வேண்டாம். ஒரு லாயம், ஆறு போனிகள், எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு வயல், அவ்வளவுதான். அதை நடத்தியவ றோஸ்மாரி என்ற அறுபது கடந்த அம்மா. தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வு பெற்றவ. பெற்றோர் ஏதாவது வேலையில் உதவினால் பிள்ளைக்குக் கட்டணம் குறையும் என்றா. சமையலாக்கும் என்று நினைத்துக் கையெழுத்து வைத்தேன். முதல் புதன்கிழமையே என் கையில் ஒரு முள்ளுக்கரண்டியைத் தந்தா. சோறு சாப்பிடுகிற கரண்டி அல்ல, என் உயரத்துக்கு இருந்தது. பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. மிச்சத்தை நீங்களே விளங்கிக்கொள்ளலாம்.

அதுவரைக்கும் நான் பழகிய ஒரே குதிரை எங்கள் ஊர்க் கோயிலின் குதிரை வாகனம். மரத்தால் செய்தது. கடிக்காது, உதைக்காது, பின்பக்கத்தால் ஒன்றும் போடாது. அந்த நம்பிக்கையில்தான் லாயத்துக்குள் கால் வைத்தேன். போனி என்றால் குதிரைக்குட்டி என்றும் நினைத்திருந்தேன். வாசலில் நின்ற மண்ணிறப் போனியைக் காட்டி, "இது எப்ப வளரும்?" என்று றோஸ்மாரியிடம் கேட்டேன். அதற்கு அப்போதே இருபத்தைந்து வயதாம், போனி இனம் அவ்வளவுதான் வளருமாம். பிள்ளைகள் ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், சிரித்தார்கள்.

அந்த மண்ணிறப் போனிதான் நுஸ்லி. இங்கத்தைப் பேச்சில் கச்சானுக்கும், அதுதான் நிலக்கடலைக்கும், அப்படித்தான் சொல்வார்கள். கச்சான் போலவே உருண்டை.

சுவிஸ் நாட்டில் ஒரு கழகத்துக்கு ஒருவன் தவறாமல் போனால் போதும், அவனுக்குத் தகுதி தன்பாட்டில் ஏறும். முதல் வருடம் லத்தி, அதாவது குதிரைச் சாணம், அள்ளினேன். இரண்டாம் வருடம் வைக்கோலும் தேநீரும் என் பொறுப்பு. மூன்றாம் வருடம் பொதுக்கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி எல்லோரும் கை உயர்த்தினார்கள். நான் நிர்வாகசபை உறுப்பினர் ஆகிவிட்டேன். றோஸ்மாரிக்கு முழங்கால் வருத்தம் கூடக்கூட, புதன்கிழமைப் பின்னேரங்களில் கழகத்தை நடத்தியது நான்தான். எந்தப் பிள்ளைக்கு எந்தப் போனி என்று பிரிப்பதும், சண்டை தீர்ப்பதும், சேணப் பட்டியை இறுக்குவதும் என் வேலை. (இறுக்கியபின் ஆரணி வந்து சரிபார்ப்பாள். அப்பாவை அவளுக்குத் தெரியும்.) நான் போனிக் கழகம் நடத்துவதாக யாழ்ப்பாணத்தில் இருந்த அண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் எனக்குக் குதிரைப்பண்ணை இருப்பதாக ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த திருவிழாவுக்கு ஒரு வெள்ளைக் குதிரை அனுப்ப ஏலுமோ என்று கேட்டார்.

நான் கடவுள் பக்தி உள்ளவன். ஒவ்வொரு வருடமும் கோயிலில் ஆறு போனிகளுக்கும் அர்ச்சனை செய்வேன். ஐயர் முதல் தடவை நட்சத்திரம் கேட்டபோது திகைத்துப்போனேன். பிறகு, குதிரைக்கு வேறு என்ன நட்சத்திரம், ஆறுக்கும் அசுவினி என்றேன். ஐயர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நுஸ்லி, அசுவினி நட்சத்திரம் என்று மந்திரத்தோடு சேர்த்துச் சொன்னார். நல்ல மனிதர்.

நுஸ்லி பெரியவர்களைக் கடிக்கும். என்னை மூன்று தடவை கடித்தது. சின்னப் பிள்ளைகள் வந்தால் மட்டும் சிலைபோல நிற்கும். கழகத்தில் மிகச் சின்னவள் லீனா, ஏழு வயது. அவள் பள்ளிக்கூடத்தில் வாய் திறப்பதில்லை என்று தகப்பன் சொல்லியிருந்தார். எங்களோடும் அப்படித்தான். ஆனால் நுஸ்லியின் காதுக்குள் கதைப்பாள். கால் மணித்தியாலம், அரை மணித்தியாலம் கதைப்பாள். என்ன கதைத்தாள் என்று எனக்குத் தெரியாது. நுஸ்லி அந்தக் காதை அசைக்காமல் வைத்திருக்கும்.

நான் சொல்லவந்தது நடந்தது ஒரு இலையுதிர்கால விடுமுறையில். அந்தக் கிழமை குதிரை ஓட்டம் இல்லை. பிள்ளைகள் தத்தம் வீடுகளில் நின்றார்கள். நான் வேலை முடிந்து லாயத்தைச் சுத்தம் செய்ய வந்தேன். நுஸ்லி நிலத்தில் படுத்து வியர்த்துக்கொண்டிருந்தது. மிருக வைத்தியர் அதன் வயிற்றில் காது வைத்துக் கேட்டுவிட்டு எழும்பினார். குடல் முறுகிவிட்டது என்றார். இந்த வயதில் வெட்டித் தைக்க முடியாது, வலிக்கு ஊசி போட்டிருக்கிறேன், நாலு மணி வரைக்கும் தாங்கும், அதற்குமேல் வைத்திருப்பது பாவம் என்றார்.

அப்போது மணி இரண்டேகால்.

றோஸ்மாரி நுஸ்லியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தா. அவ டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"சிவா, பிள்ளையளின்ர வீடுகளுக்குப் போன் எடு. நாலு மணிக்கு நுஸ்லியை ஊசி போட்டுச் சாகவைக்கப் போறம் எண்டு சொல்லு. விடை சொல்ல விருப்பமான பிள்ளையள் அதுக்கு முதல் வரட்டும். இதை அப்பிடியே சொல்லு."

அந்த நாளில் கழகத்துக்குத் தொலைபேசிச் சங்கிலி என்று ஒன்று இருந்தது. நான் முதல் வீட்டுக்குச் சொல்ல, அந்த வீடு அடுத்த வீட்டுக்குச் சொல்லும். கடைசி வீடு திரும்ப எனக்கு எடுத்து, வந்து சேர்ந்த செய்தியைச் சொல்லிச் சரிபார்க்கும். பிழை வரக்கூடாது என்பதற்காக வெள்ளைக்காரர் செய்த ஏற்பாடு. என்னைப் போன்ற ஒருவன் சங்கிலியின் தலைப்பில் நிற்பான் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

இங்கே எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் சாவைத் தொலைபேசியில் சொல்வதில்லை. கேட்கிறவர் பதறி விழுந்துவிடுவார், ரயிலில் தனியே வருவார், வாகனம் ஓட்டுவார் என்று பயம். ஆகவே படி வைத்திருக்கிறோம். கொஞ்சம் சுகமில்லை என்றால் நிலைமை மோசம். கொஞ்சம் கடுமை என்றால் முடிந்துவிட்டது. ஒருக்கால் வந்திட்டுப் போங்கோ என்றால் பந்தல் போட்டாயிற்று. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். கேட்கிறவர் வருகிற வழியிலேயே அழுது முடித்துவிடுவார்.

முதல் வீடு லீனாவின் வீடு. லாயத்தின் வாசலில் நின்றால் அவர்களின் சமையலறை யன்னல் தெரியும். தகப்பன் எடுத்தார். என் வாய் தன்பாட்டில் சொன்னது:

"நுஸ்லிக்குக் கொஞ்சம் சுகமில்லை. நேரமிருந்தால் ஒருக்கால் வாங்கோ."

கடுமையோ, வைத்தியர் வந்தவரோ என்று கேட்டார். வைத்தியர் பக்கத்திலேயே நிற்கிறார், பயப்பட வேண்டாம் என்றேன். நன்றி, அடுத்த வீட்டுக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். பக்குவமாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு திருப்தி வேறு.

பிறகு வீட்டுக்கு எடுத்தேன். மனைவியிடமும் அதையே சொன்னேன்: நுஸ்லிக்குக் கொஞ்சம் சுகமில்லை, ஆரணியை இப்போது கூட்டிவர வேண்டாம். அவள் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எத்தினை மணிக்கு?"

"நாலுக்கு."

"சரி. நான் பிள்ளைக்கு ஒண்டும் காட்டிக்கொள்ள மாட்டன்."

பார்த்தீர்களா, எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு எளிதாக விளங்குகிறது. மற்ற ஆறு வீடும் சுவிஸ்காரர். அவர்களுக்குக் கொஞ்சம் என்றால் கொஞ்சம்.

மூன்றேகாலுக்குக் கடைசி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஆரணியின் சிநேகிதி ஒருத்தியின் தாய். சங்கிலியில் வந்த செய்தியை எனக்கு வாசித்துக் காட்டினா. நுஸ்லிக்குச் சளித் தடிமன், வைத்தியர் மருந்து கொடுத்துவிட்டார், பயமில்லை, இப்போது ஓய்வெடுக்கட்டும், பின்னேரம் வந்து பார்க்கலாம் என்றிருந்தது. சங்கிலி அப்படி. நான் கொடுத்த பொய்க்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போர்வை போர்த்தி அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் தன் வீட்டில் சேர்ந்து வாழ்த்து அட்டை வரையப் போகிறார்கள், ஆரணியையும் கூட்டிக்கொண்டு ஐந்து மணிக்கு வருகிறோம், சரியோ என்று கேட்டா.

இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. ஆறு பிள்ளைகள் சைக்கிளிலும் ஆரணி ரயிலிலும் வந்து சேர்ந்துவிடலாம். ஒரு வசனம் போதும். பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஓம், ஓம். நல்லது" என்றேன்.

முதல் தடவை சொன்னதைப் பழக்கம் என்று மன்னிக்கலாம். இந்த இரண்டாவது தடவைதான் என்னை இவ்வளவு காலம் எழுத விடாமல் வைத்திருந்தது.

வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று முருகனைக் கும்பிட்டேன். முருகா, நான் சொன்ன கொஞ்சத்தைக் கொஞ்சமாகவே ஆக்கிவிடு, குடலைச் சரிப்படுத்து, ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வரும்போது இதை எழுந்து நிற்க வை என்று கேட்டேன். இருபது நாள் விரதம் இருக்கிறேன் என்று பேரம் பேசினேன். என் பொய்யை உண்மையாக்கித் தரும்படி கடவுளிடம் கேட்ட பக்தன் நான். அவர் தன் வேலையைப் பார்த்தார்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க றோஸ்மாரி கேட்டா.

"ஒருத்தரும் வரேல்லையோ?"

"விடுமுறைதானே. வெளியில போயிருப்பினம்" என்றேன். மூன்றாவது பொய்.

றோஸ்மாரி வைத்தியரிடம் இன்னும் பத்து நிமிடம் கேட்டு வாங்கினா. பிறகு இன்னும் ஐந்து. தெருவில் ஏதாவது சத்தம் கேட்டால் நுஸ்லியின் காது அந்தப் பக்கம் திரும்பும். தபால் வண்டி போனது, காது திரும்பியது. ஒரு உழவு இயந்திரம் போனது, காது திரும்பியது. நான் சட்டைப்பையிலிருந்த திருநீற்றை எடுத்து அதன் நெற்றியில் பூசினேன். முதல் தடவையாக என்னைக் கடிக்கவில்லை. நாலேகாலுக்கு வைத்தியர் ஊசி போட்டார்.

மனைவி பிறகு சொன்னாள்: ஆரணியைக் கூட்டிப்போகக் கார் வந்து நின்றபோது என்ன செய்வதென்று தெரியவில்லையாம். போகாதே என்றால் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே தலை இழுத்துக் கட்டி அனுப்பிவிட்டாள்.

ஐந்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். கூடை நிறையக் கரட். ஏழு அட்டைகள், ஒன்றில் நுஸ்லி கட்டிலில் படுத்து வாயில் வெப்பமானி வைத்திருக்கிற படம். ஒரு பெடியன் போத்தலில் சூடாகக் கமோமில் தேநீர் கொண்டுவந்திருந்தான். லீனாவின் கையில் ஒரு கம்பளிக் கழுத்துச் சால்வை. தாயோடு சேர்ந்து இரண்டு சால்வைகளை ஒன்றாகத் தைத்திருந்தாள். குதிரைக் கழுத்துக்கு ஒன்று போதாதே.

நான் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு ஏற்கெனவே கூட்டிய இடத்தைத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தேன். லீனா நேராக நுஸ்லியின் இடத்துக்குப் போனாள். அது வெறுமையாக இருந்தது. அவள் என்னிடம் வந்து, வாய் திறந்து, முழு வசனமாகக் கேட்டாள், நுஸ்லி எங்கே என்று. அவள் என்னிடம் கதைத்த முதல் வசனம் அது.

நான் விளக்குமாற்றைப் பார்த்தேன்.

றோஸ்மாரி நொண்டி நொண்டி வந்து அவள் முன்னால் குனிந்தா. "நுஸ்லி செத்துப்போச்சு, லீனா. நாலேகாலுக்கு. நாங்கள் உங்களைப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."

ஒருவரும் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. லீனாவின் தகப்பன் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. கையை நீட்டித் தன் சமையலறை யன்னலைக் காட்டினார். "எங்கட வீடு அந்தா இருக்கு. இரண்டு நிமிசம்" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆரணி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"போன் எடுக்கேக்கையே தெரியுமோ?"

"ஓம் பிள்ளை."

அவள் போய் றோஸ்மாரியின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

லாயத்தின் பின்னால் நுஸ்லியை ஒரு விரிப்பால் மூடியிருந்தோம். ஏற்றிப்போக வண்டி வர இருந்தது. லீனா பார்க்க வேண்டும் என்றாள். றோஸ்மாரி விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்தா. அவள் சால்வையைக் கழுத்தில் சுற்றினாள். ஒரு சுற்றுக்குத்தான் வந்தது. காதைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் கதைக்கவில்லை. நான் அதற்குமேல் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து றோஸ்மாரியின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு போக முடியாதென்று நாற்பது உழுந்து வடை சுட்டுக்கொண்டு போனேன். (அவ தனி ஆள்.) அங்கே வைத்துத்தான் என் அம்மாவின் கதையைச் சொன்னேன். 2009 இல், சண்டை முடிகிற மாதங்களில் அம்மா வன்னியில் அகப்பட்டிருந்தா. அவ செத்த செய்தி அண்ணைக்குக் கிடைத்துவிட்டது. அண்ணை என்னிடம் அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்றார். ஊரில் இருந்தபோது எனக்கும் அந்தப் படி பாடம்தான். ஆனால் அது உன் அம்மாவாக இருந்தால் கொஞ்சம் என்றால் கொஞ்சம் என்றே நம்பிவிடுகிறாய். மூன்று கிழமை, வேலை முடிந்த கையோடு கோயிலுக்குப் போனேன். ஐயர் அம்மாவின் பெயரையும் உத்தரட்டாதி நட்சத்திரத்தையும் சொல்ல, நான் கைகூப்பி நின்று, செத்துப்போன ஒருவருக்குச் சுகம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னால் றோஸ்மாரிக்கு என்மேல் இரக்கம் வரும் என்று உள்ளுக்குள் நினைத்திருக்க வேண்டும். அவ வடையைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னா: "அப்ப உனக்கு அது எப்பிடி இருக்கும் எண்டு தெரியும்தானே, சிவா."

நான் விலகுகிறேன் என்றேன். விட மாட்டேன் என்றா. புதன்கிழமைக்கு நீ வேண்டும், ஆனால் தொலைபேசியை வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்றா. அடுத்த பொதுக்கூட்டத்தில் நிர்வாகசபையிலிருந்து என்னைத் திரும்ப லத்திக்கு மாற்றினார்கள். லத்தியை யாராலும் பக்குவமாகச் சொல்ல முடியாது. ஆரணி வளர்ந்து கழகத்தை விடும் வரை அள்ளினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பிள்ளைகளிடம் மன்னிப்பும் கேட்டேன். ஆறு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். லீனா வரவில்லை. வேலியோரமாகப் பள்ளிக்கூடம் போவாள்; நான் கை காட்டுவேன். அவளும் கை காட்டுவாள், நல்ல பிள்ளை. ஆனால் வேலியைத் தாண்டி வரவில்லை.

வீட்டில் இது பகிடியாகிவிட்டது. பகிடியாக்காமல் அந்த வீட்டில் இருந்திருக்க முடியாது. மனைவி, பால் கொஞ்சம் புளிச்சுப்போச்சு என்றால் ஆரணி கேட்பாள்: "அப்பாட கொஞ்சமோ, உண்மையான கொஞ்சமோ?" கறியில் உப்புக் கொஞ்சம் கூடினாலும் அதே கேள்விதான். கொஞ்சம் தாமதம் என்று ஸ்டேஷனில் அறிவித்தாலும், ரயில்காரர் அப்பாட சொந்தக்காரரோ என்பாள். விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆரணி இப்போது பேர்ணில் ஆஸ்பத்திரித் தாதி. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முற்பகல், நான் கரட் வெட்டிக்கொண்டு நிற்க, முதியோர் இல்லத்துச் சமையலறைக்குள் வந்து நின்றாள். யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக்காரர் முதலில் அவளுக்குத்தான் எடுத்திருக்கிறார்கள்; அப்பாவிடம் மெல்ல மெல்லச் சொல்லும்படி. அவள் வேலையை விட்டுவிட்டு ரயில் ஏறி வந்திருந்தாள்.

"அப்பா, கத்தியை வையுங்கோ. இதில இருங்கோ. பெரியப்பா செத்துப்போனார். விடியப்புறம், நித்திரையில. நாளையிண்டைக்குப் பிரேதம் எடுக்கினம். இண்டைக்குப் பின்னேரம் பிளேனில ஒரு இடம் பிடிச்சிருக்கிறன். போனால் முகம் பாக்கலாம்."

ஒரு சொல்லையும் அவள் மென்மையாக்கவில்லை. என் கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள். நான் போனேன். அம்மாவை என்னிடம் மறைத்த அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். என் கையால் வாய்க்கரிசி போட்டேன். அவரைத் தூக்கியபோது ஒரு பக்கம் என் தோளும் இருந்தது.

இதை வாசிக்கிறவர்கள் உங்கள் வீட்டில், கோயிலில், ரயிலில் யாருக்கும் சொல்லுங்கள். என் பெயரைச் சொன்னாலும் பரவாயில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கேட்கிறவர் மனம் நோகும் என்று இரங்கி, பிள்ளைகள் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அவர்கள் ஐந்து மணிக்குத்தான் வந்தார்கள்.